வெள்ளெலிக்கு வயிற்றில் அறுவை: மயக்கம் சரி, விழித்த பிறகு வலிக்கு என்ன?

தாம்பரம்_வளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பாதியில் விட்டுவிடாதீர்கள், நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்கு வெள்ளெலிகளை வைத்து வேலை செய்கிறேன். ஆய்வகத்து வெள்ளை எலி இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் தரிசில் வளை தோண்டி வாழுமே, பெரிய கண், நீள வால், வால் நுனியில் கருப்புக் குஞ்சம், தவ்வித் தவ்வி ஓடும், அந்த வெள்ளெலி. (எதிக்ஸ் கமிட்டியில் ஒருவர் வெள்ளை எலி என்று நினைத்துக்கொண்டு எந்த ரகம், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் அதிலேயே போனது.) அனுமதியெல்லாம் வாங்கி, இருளர் அண்ணன் ஒருவர் துணையோடு பிடித்தது. எட்டு இருக்கின்றன, 140 முதல் 170 கிராம் வரை. இப்போது கல்லூரி வளாகத்திலேயே மண் நிரப்பிய அடைப்புகளில் வளர்கின்றன.

வெயில் காலத்தில் வளைக்குள் இவற்றின் உடல் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு 3 கிராம் எடையுள்ள ஒரு சின்னப் பதிவுக் கருவியை வயிற்றுக்குள் வைத்துத் தைத்து, இரண்டு மாதம் கழித்து எடுக்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு அறுவை.

கமிட்டி என் புரோட்டோகாலைத் திருப்பி அனுப்பிவிட்டது. மயக்க மருந்து எழுதியிருக்கிறீர்கள், அறுவைக்குப் பிறகு வலிக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள், வலி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கைடு வேறு மாதிரி. "காட்டு எலிம்மா, தைத்து விட்டால் தானாகத் தேறிக்கொள்ளும், வலி மருந்து கொடுத்தால் உடல் வெப்பத் தரவு கெட்டுப்போகும்" என்கிறார். வாரம் இரண்டு நாள் வரும் கால்நடை மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் நாய் பூனைதான் அவருக்குப் பழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு வெள்ளெலிக்கு வாலில் காயம் என்று கெட்டமினும் சைலசினும் (ஊசி மயக்க மருந்துகள்) போட்டுத் தைத்தோம். தையல் அருமையாக இருந்தது. காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அதை மறக்க முடியவில்லை.

எதைக் கொடுப்பது, கையில் பிடித்தாலே கடித்துக் குதறும் ஒன்றுக்கு நாளுக்கு மூன்று வேளை எப்படி ஊசி போடுவது, அதற்கு வலிக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பொறி_வடை எழுதியது:

எங்கள் தெருவில் மாநகராட்சி மருந்து வைத்தும் அடங்காத எலிக்கு நீங்கள் வலி நிவாரணி தேடுகிறீர்களா :) தப்பாக நினைக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன், எலியெல்லாம் சட்டப்படியே தீங்குயிர் பட்டியலில்தானே இருக்கிறது? பிள்ளையார் வாகனம் என்பதால் சலுகையா?

வேப்பேரி_அக்கா எழுதியது:

பொறி_வடைக்கு முதலில். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் காக்கையோடு எலியும் சுண்டெலியும் இருந்தது உண்மை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. அது இருந்த காலத்திலும் இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை, ஏனென்றால் இங்கே பேச வேண்டியது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதில் விலங்கு என்றால் மனிதன் தவிர்த்த எந்த உயிரும்தான். 17ஆம் பிரிவு, அறுவை உள்ள சோதனை என்றால் கூடியவரை வலி தெரியாத அளவுக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறது. தெரு எலி, காட்டு எலி என்று அதில் பிரிவு கிடையாது. பிள்ளையாருக்கு மூஞ்சூறு என்பவர்களும் உண்டு, அது எலி இனமே இல்லை, வேறு குடும்பம், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது தாம்பரம்_வளை. தங்கச்சி, உங்கள் கமிட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. மயக்கம் வேறு, வலி இல்லாமல் இருப்பது வேறு. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்து வயிற்றைத் திறந்தால் அது கிடக்கும் கிடையைப் பார்த்து எல்லாம் நலம் என்று தோன்றும். வாயுவை நிறுத்தி ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிடும், அந்த நிமிடத்திலிருந்து மொத்த வலியும் அதனுடையது. ஐசோஃப்ளூரேனுக்கு வலி போக்கும் குணம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டமினும் சைலசினும் ஓரளவு வலியை அடக்கும், ஆனால் ராத்திரிவரை தாங்காது.

காட்டு விலங்கில் கூடுதல் சிக்கல், நாம் தொடுவதே அதற்கு ஒரு அடி. ஆய்வகத்தில் பிறந்த எலியைத் தூக்கி ஊசி போட்டுக் கூண்டில் விட்டால் இரண்டு நிமிடத்தில் தீவனம் தின்னப் போகும். வெள்ளெலியைத் துரத்திப் பிடித்து அழுத்தி ஊசி போட்டால், தையல் போட்ட வயிற்றோடு அது திமிறுகிற திமிறலில் நீங்கள் கொடுக்கும் மருந்தைவிட வாங்கும் வேதனை அதிகம். அதனால் நாளுக்கு மூன்று வேளை ஊசி என்ற யோசனையையே விடுங்கள். கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் அது தூங்கும்போதே, ஒரே தூக்கத்தில், முடிந்தவரை கத்தி வைப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். திட்டம் முழுக்க இதைச் சுற்றித்தான் போட வேண்டும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன், உங்கள் டாக்டரிடம் காட்டி அவர் முடிவு செய்யட்டும். வெள்ளெலிக்கென்று யாரும் அளவு எழுதி வைத்ததாக எனக்குத் தெரியாததால் ஆய்வக எலியின் அளவைத்தான் அடிப்படையாக எடுக்க வேண்டும். வாயு மயக்கம்தான் முதல் தேர்வு, ஆழத்தை நொடியில் கூட்டலாம், குறைக்கலாம். பெட்டியில் 3 முதல் 4 சதவீதம் வரை மெல்ல ஏற்றி, சாய்ந்ததும் மூக்கு மாஸ்க்கில் 1.5 முதல் 2 வரை. படுத்தவுடன் தோலுக்கடியில் பியூப்ரெநார்ஃபின் (அபின் வகை வலி மருந்து), எலிக்குக் கிலோவுக்கு 0.01 முதல் 0.05 மி.கி. அது வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும், அதனால் முடி மழிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அது இருக்கும்போது ஐசோஃப்ளூரேன் குறைவாகவே போதும், மறந்துபோய் அதே சதவீதத்தில் ஓட்டினால் மூச்சு அடங்கிவிடும். கூடவே வீக்கத்தைக் குறைக்கும் வலி மருந்து மெலாக்சிகாம் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., அது ஒரு நாள் தாங்கும். அப்புறம் வெட்டப் போகும் கோட்டில், அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் நீர்த்த பூபிவகெய்ன், கிலோவுக்கு மொத்தம் 2 மி.கி. தாண்டாமல். ஒன்று மூளையில், ஒன்று வீக்கத்தில், ஒன்று அந்த இடத்து நரம்பில் வேலை செய்யும். மூன்றையும் சேர்க்கும்போது எதுவும் பெரிய அளவில் தேவைப்படாது.

வாயு இல்லை, ஊசி மயக்கம்தான் என்றால் ஒரு எச்சரிக்கை. பயந்த விலங்கின் உடம்பில் அட்ரினலின் ஏறி நிற்கும்போது வழக்கமான அளவு பிடிக்காது. உடனே இன்னொரு பங்கு, இன்னும் கொஞ்சம் என்று போடுவார்கள். பத்து நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிடிக்கும், அப்போது மூச்சு நின்றுவிடும். போட்டால் இருட்டில் மூடி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் காத்திருங்கள். சைலசினுக்கு மாற்று மருந்து யோஹிம்பினோ அட்டிபமெசோலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சைலசின் போட்ட எலிக்குக் கண் லென்ஸ் வெள்ளையாகிவிடும், புரை என்று பதறாதீர்கள், தானாகத் தெளியும். ஆனால் கெட்டமினில் கண் திறந்தே கிடக்கும், களிம்பு போடாவிட்டால் காய்ந்து புண்ணாகும். வெள்ளெலிக்கு உறவான மங்கோலிய ஜெர்பிலுக்கு வலிப்பு வரும் சுபாவம் உண்டு, அசிப்ரோமசின் என்ற அமைதி மருந்து அதைக் கூட்டும் என்று சொல்வார்கள், உங்கள் வெள்ளெலிக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் நாள் இரவே பட்டினி போடாதீர்கள். நாய்க்குச் செய்வதைப் பார்த்து இதற்கும் செய்வார்கள். எலிக்கு வாந்தி எடுக்கவே வராது, பட்டினி போட்டால் சர்க்கரை இறங்குவதுதான் மிச்சம்.

தரவு கெட்டுப்போகும் என்ற உங்கள் கைடுக்கு: வயிற்றைக் கிழித்த முதல் வாரத் தரவை எப்படியும் எறியத்தான் போகிறீர்கள். மருந்து உடல் வெப்பத்தை மாற்றும், சரி, வலியும்தான் மாற்றும். மருந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். அடக்காத வலியில் தின்னாமல் கிடந்த விலங்கு எடை ஏறி இயல்புக்குத் திரும்ப எத்தனை நாள் என்று அவரையே கேளுங்கள்.

கூண்டுக்காரர் எழுதியது:

அக்கா மருந்தைச் சொல்லிவிட்டார், நான் மேசையைச் சொல்கிறேன். 22 வருடம் ஆய்வக விலங்குக் கூடத்தில் வேலை, பட்டமெல்லாம் கிடையாது, எலிக்கடி மட்டும் எண்ணிக்கை இல்லை.

அம்மா, போன வருடம் செத்தது மருந்தால் இல்லை, குளிரால் என்று நான் பந்தயம் கட்டுவேன். சென்னையில் யாருக்கும் குளிர் நினைவுக்கே வராது. அறுவை அறையில் ஏசி 20இல் ஓடும், டாக்டருக்கு வேர்க்கக் கூடாது இல்லையா. 150 கிராம் உடம்பு, வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்து, ஸ்டீல் மேசையில் படுக்க வைத்தால் பத்து நிமிடத்தில் வெப்பம் சரசரவென்று இறங்கும். குளிர்ந்த உடம்பில் மருந்தும் சீக்கிரம் கரையாது. கெட்டமின் போட்டதை அப்படியே கூண்டில் போட்டு, விளக்கை அணைத்து வீட்டுக்குப் போய்விட்டால் காலையில் விறைத்துக் கிடக்கும். நானே என் தொடக்கக் காலத்தில் இப்படி இழந்திருக்கிறேன். மழிப்பதைக் குறையுங்கள், ஸ்பிரிட்டுக்குப் பதில் வெதுவெதுப்பான குளோரெக்சிடின் கிருமிநாசினி, அடியில் ஹீட்டிங் பேட், நடுவில் ஒரு துணி. மலவாயில் சின்னத் தெர்மாமீட்டர் வைத்து 37க்குக் கீழே விடாதீர்கள். வெந்நீர்ப் பையை நேராக வைத்தால் சுட்டுவிடும், தூங்குவது நகராது பாருங்கள். மே மாதம் என்றால் எதிர்ப்பக்கமும் கவனம், கரண்ட் போய் ஏசி நின்றால் அதே பேட் வேகவைத்துவிடும்.

வேப்பரைசர் (வாயுவை அளந்து விடும் கருவி) இல்லை என்று யாராவது ஜாடியில் பஞ்சு வைத்து ஐசோஃப்ளூரேனை ஊற்றச் சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். முன்பு ஈதருக்கு அப்படிச் செய்தோம், அதுவே தப்பு, எரியும், மூக்கு எரிச்சல், எலி துடிக்கும். ஐசோஃப்ளூரேன் 20 டிகிரியில் மூடிய ஜாடியில் 30 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அக்கா சொன்ன 4 எங்கே, இது எங்கே. அது கொதிப்பதே 48 டிகிரிக்குப் பக்கம்தான், நம் ஊர் மதிய வெயிலில் ஏசி இல்லாத அறையில் கேட்கவே வேண்டாம்.

ரத்தம். இந்த எடைக்கு உடம்பில் மொத்தமே 10 மி.லி. பக்கம்தான். ஒரு பஞ்சு நனைந்தால், "ஒரு சொட்டுதானே" என்று தோன்றும், அது 1 மி.லி. என்றால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. உடல் சூட்டில் இருக்கும் சலைன் ஒன்றரை மி.லி. தோலுக்கடியில் முதுகில் போட்டுவிடுங்கள், முடிந்ததும் தேவைப்பட்டால் இன்னொரு முறை. சைலசின் போட்டிருந்தால் சிறுநீராக நிறையப் போகும், அதற்கும் இது வேண்டும்.

அளவு விஷயத்தில் இங்கே நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். பியூப்ரெநார்ஃபின் ஆம்பூலில் மி.லி.க்கு 0.3 மி.கி. 150 கிராமுக்குக் கிலோவுக்கு 0.03 என்று போட்டால் 0.015 மி.லி. வரும், அதை எந்த ஊசியிலும் ஒழுங்காக எடுக்க முடியாது. பத்து மடங்கு நீர்த்து 0.15 எடுங்கள். அப்புறம் இன்சுலின் ஊசி: நம் கடையில் 40 யூனிட் ஊசியும் 100 யூனிட் ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 40இல் ஒரு கோடு 0.025 மி.லி., 100இல் 0.01. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு! மூடி நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

பிடிக்கிற வழி. ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குலப் பிவிசி பைப், ஒரு அடி, பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அடைப்பில் போட்டுவிடுங்கள். வளை என்று நினைத்து அதற்குள்தான் தூங்கும். அறுவை அன்று இரண்டு முனையையும் துணியால் அடைத்து, பைப்போடு பெட்டிக்குள் வைத்து, முனைத் துணியை எடுத்துவிட்டு வாயுவைத் திறந்தால் போதும். கை படவே படாது. வாலைப் பிடிக்கவே கூடாது, இந்த ஜாதிக்கு வால் தோல் உறை மாதிரிக் கழன்று கையில் வந்துவிடும். போன வருட வால் காயம் எப்படி வந்தது என்று யோசியுங்கள்...

தையல் உள்தோலில், கரையும் நூலில், வெளியே முடிச்சுத் தெரியாமல். தெரிந்தால் கடித்துப் பிரித்துவிடும். கழுத்துப் பட்டை கட்டாதீர்கள், காட்டு விலங்கு அதிலேயே பைத்தியமாகிவிடும். கையுறை போடுங்கள், இவற்றின் சிறுநீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், மழைக் காலத்தில் நம் ஊரில் அது என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மயிலை_அணில்_ஆன்ட்டி எழுதியது:

நான் டாக்டர் இல்லை. மரத்திலிருந்து விழுந்த அணில் குஞ்சுகளை வளர்த்து விடுகிறவள், பூனை கடித்ததெல்லாம் வரும். என் சந்தேகம் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தையல் போட்ட அணிலுக்குக் குழந்தைகள் பாராசிட்டமால் சிரப்பைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லி ஒருவர் சொன்னார். வைத்தேன், குடிக்கவே இல்லை. இன்னொருவர் டைக்ளோஃபெனாக் ஊசியில் ஒரு சொட்டு என்றார், பயந்து விட்டுவிட்டேன். ஊசி போடத் தெரியாதவர்கள் என்ன செய்வது? இன்னொன்று, கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வடிகிறதே, அது ரத்தமா?

வேப்பேரி_அக்கா எழுதியது:

ஆன்ட்டி, டைக்ளோஃபெனாக்கைத் தொடாதது நல்லது. விலங்குக்கு அதைக் கொடுப்பது 2006 முதல் இந்தியாவில் தடை, அந்த மருந்து போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று பாறுக் கழுகுகள் செத்து விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாது. இது தாம்பரம்_வளைக்கும் பொருந்தும்: காட்டில் விடப் போகும் விலங்கு என்றால் நாளைக்கு ஆந்தைக்கும் பாம்புக்கும் அது சாப்பாடு, கடைசி மருந்துக்கும் விடுவதற்கும் நடுவில் நாள் விடுங்கள்.

தண்ணீரில் கலப்பது வேலைக்கு ஆகாது. வலியில் இருப்பது முதலில் நிறுத்துவதே குடிப்பதைத்தான், கசந்தால் இன்னும் மோசம். வெள்ளெலி சாதாரண நாளிலேயே இலை விதையிலிருந்து நீரை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். தீனியில் கொடுங்கள், ஆனால் அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அதே தீனியை மருந்து இல்லாமல் பழக்க வேண்டும். எலிக்குப் புதுத் தீனி என்றாலே சந்தேகம், தின்று வயிறு சரியில்லை என்றால் ஜென்மத்துக்கும் தொடாது. எலிப்பொறி வைத்த எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேற்று வடை தின்ன வந்தது இன்று வராது.

எலியின் கண்ணோரம், மூக்கோரம் சிவப்பாக வந்தால் பெரும்பாலும் ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் நிறமி. வலி, நோய், மன அழுத்தம் எதுவாக இருந்தாலும் கூடும். உங்கள் அணிலுக்கு மூக்கில் வருகிறது என்றால் விழுந்த அடியாகவும் இருக்கலாம், நேரில் காட்டுங்கள். மாத்திரை அளவு இங்கே சொல்ல மாட்டேன், 80 கிராம் உயிருக்குத் தவறிப்போனால் திருப்ப முடியாது.

வலி எப்படித் தெரியும் என்று தங்கச்சி கேட்டதை மறந்துவிட்டேன். சுண்டெலிக்கு 2010இலும் எலிக்கு 2011இலும் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. கண் இடுங்குகிறதா, மூக்கும் கன்னமும் தட்டையாகிறதா, காது மடங்கி விலகுகிறதா, மீசை விறைக்கிறதா என்று பார்ப்பது. காட்டு விலங்கில் கஷ்டம், நீங்கள் நின்றாலே அது வலியை மறைத்துவிடும், இரைவிலங்கின் பழக்கம் அது. அதனால் இருட்டில் படம் எடுக்கும் கேமரா வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். முகத்தைவிட நடத்தை உதவும்: கூடு கட்டுகிறதா, தோண்டுகிறதா, எடை என்ன. பியூப்ரெநார்ஃபின் போட்ட எலி சில சமயம் படுக்கையைத் தின்னும், மரத்தூள் வைக்காதீர்கள், காகிதத் துண்டு போதும்.

தாம்பரம்_வளை எழுதியது, ஏழு வாரம் கழித்து:

மன்னிக்கவும், மறைந்துபோய்விட்டேன். கமிட்டி ஒப்புக்கொண்டது, ஒரே ஒரு நிபந்தனை, முதல் இரண்டு விலங்குக்குச் செய்து காட்டிவிட்டு மீதி ஆறு.

முதல் அக்கப்போர் மருந்து வாங்குவது. கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் (கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துப் பட்டியல்), பியூப்ரெநார்ஃபின் போதைப்பொருள் சட்டத்தில் வருவது, பதிவேடு, பூட்டிய அலமாரி, கையெழுத்து. ட்ரமடால் என்ற வலி மருந்து எளிதாகக் கிடைக்குமே என்றார் ஒருவர், அதுவும் 2018இலிருந்து அதே பட்டியல். எங்கள் டாக்டர்தான் அலைந்து முடித்துக் கொடுத்தார். அவர் இந்தத் திரியை முழுக்கப் படித்துவிட்டு வந்தார், 40 யூனிட் ஊசி இடத்தில் மட்டும் "அட ஆமாம்" என்றார்.

முதல் விலங்கு பெண், 152 கிராம். பைப் வேலை செய்தது கூண்டுக்காரர் அண்ணா, மூன்றாம் நாளே உள்ளே தூங்க ஆரம்பித்துவிட்டது. வாயு, ஊசி இரண்டு, வெட்டுமிடத்தில் பூபிவகெய்ன், எல்லாம் தூக்கத்திலேயே. வெட்டியதிலிருந்து கடைசித் தையல்வரை 22 நிமிடம். ஏசியை அணைத்துவிட்டோம், டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது, எலி 37.2இல் இருந்தது. வாயு நிறுத்தி ஆறாவது நிமிடம் எழுந்து, அதனுடைய பழைய கூட்டுப் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

தோண்டுவதைப் பார்க்கச் சொன்னீர்களே, அதை அளந்தேன். ஒரு முனை அடைத்த பைப்பில் ஒரு கிலோ மணல் நிரப்பி மாலை ஆறுக்கு வைத்துவிட்டு, காலையில் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று நிறுத்தேன். அறுவைக்கு முந்தைய மூன்று இரவும் மொத்தமும் வெளியே. அறுவை இரவு சுமார் 150 கிராம். அடுத்த இரவு 600 பக்கம். மூன்றாம் இரவு பைப் சுத்தமாகக் காலி, மணல் அடைப்பு முழுக்க. கேமராவில் முதல் இரவு ஒன்பது மணிக்கு முதுகைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது, பதினொன்றுக்கு இரண்டு வேர்க்கடலை தின்றது. எடை 4 கிராம் இறங்கி ஐந்தாம் நாள் திரும்பிவிட்டது. மெலாக்சிகாம் சிரப்பை வேர்க்கடலைப் பொடியும் கருப்பட்டியும் சேர்த்த உருண்டையில் வைத்தேன், ஒரு வாரம் பழக்கியது, ஒரே வாயில் போயிற்று.

அந்தத் தெம்பில் இரண்டாவதுக்குப் போனேன். ஆண், 168 கிராம். அறுவை அதே மாதிரி நன்றாக முடிந்தது. மறுநாள் உருண்டையை முகர்ந்து பார்த்து, மூக்கால் தள்ளிக்கொண்டே போய் மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி புதைத்தது. தோண்டுகிறதே, வலி இல்லை போல என்று முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகு மணல் பைப்பைப் பார்த்தால் தொடவே இல்லை, கண்ணோரம் சிவப்பு வேறு. டாக்டரைக் கூப்பிட்டேன். பைப்போடு பெட்டியில் வைத்து நாலு நிமிட லேசான வாயு, மெலாக்சிகாமும் இன்னொரு பியூப்ரெநார்ஃபினும் போட்டு விட்டோம். அன்றிரவு 400 கிராம் தள்ளியது.

கைடு ஒன்றும் சொல்லவில்லை. கேமராப் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், "சரி, மீதிக்கும் இதையே செய்" என்றார். முதல் வாரத் தரவை எறிவதற்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை அவருக்கு.

கூண்டுக்காரர் எழுதியது:

உருண்டையைப் புதைத்த ஆளுக்கு மெலாக்சிகாமின் வாசனை தெரிந்துவிட்டது அம்மா. இனி அதற்குக் கருப்பட்டியே ஆகாது, அடுத்த அறுவைக்கு வேறு தீனி பழக்குங்கள். கம்பு ஊறவைத்துப் பாருங்கள், இல்லை கொப்பரை.

தாம்பரம்_வளை எழுதியது:

கொப்பரை ஆரம்பித்துவிட்டேன் அண்ணா. இரண்டு நாளாகத் தின்கிறது. கருப்பட்டி உருண்டை இரண்டும் மண்ணுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது, எறும்பு வந்துவிட்டது, தோண்டி எடுக்கப் போகிறேன்.